தடத்தை யார் போடுவது: பலகையா, செயலியா, காகித வரைபடமா?

அம்மா கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்த கூடத்திலேயே நானும் தம்பியும் வரைபடத்தை விரித்துப் போட்டோம். பிரான்சின் தென்மேற்கில் இருக்கும் லொத் மாவட்டம், நாங்கள் சைக்கிளில் சுற்றப்போகிற இடம். தம்பி கைப்பேசியை அதன்மேல் வைத்து, "அக்கா, இதுல ஊர் பேரைப் போட்டா ரெண்டு நிமிஷத்துல தடம் வந்துடும். எதுக்கு இவ்ளோ பெரிய தாளு?" என்றான். அதற்குள் அம்மா கேட்டார்: "வழியில தண்ணி எங்க குடிப்பீங்க? பொழுது போனா எங்க தங்குவீங்க?" எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு மேடு என்று அவர் கேட்கவில்லை. அதன்பிறகு நாங்கள் பேசிய எல்லாமே அந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் போனது.

நான் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆசிரியை. கோடை விடுமுறையில் மட்டும்தான் எனக்கு நீண்ட பயணம் சாத்தியம். தம்பிக்கு ஓசூரில் வேலை. நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவன். 2023 ஆகஸ்டில் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்துக்குப் போய்வந்தான். 90 மணி நேரத்துக்குள் 1,200 கிலோமீட்டருக்குமேல் ஓட்டவேண்டிய ஓட்டம் அது. நடு இரவில் வீட்டு வாசலில் மேசை போட்டுத் தண்ணீரும் காபியும் வைத்துக் காத்திருந்த கிராமத்து ஆட்களைப் பற்றி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆனால் அந்தத் தடத்தை அவன் போடவில்லை. அமைப்பாளர்கள் போட்டுக் கொடுத்ததை அம்புக்குறி பார்த்து ஓட்டினான். இந்த முறை எங்கள் தடத்தை நாங்களே போடவேண்டும். மே மாதம், 14 நாள், இரண்டு பேர், பின்சக்கரத்தில் பைகள். ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் போதும். நெடுஞ்சாலை வேண்டாம், ஊர்ச்சாலைகள்தான் வேண்டும்.

ஊர்ச்சாலையில் ஓட்டப் பிரான்சைப்போல் வாய்ப்பான நாடு குறைவு. அங்கே மாவட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் மட்டும் சுமார் 3.8 லட்சம் கிலோமீட்டர் சாலை இருக்கிறது. அவற்றுக்கு 'டி' என்ற எழுத்தோடு எண் தருவார்கள். அதற்கும் கீழே ஊராட்சிகளின் சிறு சாலைகள் அதைவிட அதிகம். பெரும்பாலும் தார் போட்டவை, வண்டி குறைந்தவை. 'ஏ' எழுத்துச் சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. 'என்' எழுத்துச் சாலைகள் நம் தேசிய நெடுஞ்சாலை மாதிரி, லாரிகள் போகிற இடம்.

அப்படியானால் 'டி' என்று போட்டிருந்தாலே நல்ல சாலை என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நம் ஊர்க்காரர்களுக்கு அது உடனே புரியும். ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரி வரும் சாலை முன்பு மாநில நெடுஞ்சாலையாக இருந்தது. இப்போது அது தேசிய நெடுஞ்சாலை 844. இங்கே எண் மாறியபோது சாலையும் அகலமானது. பிரான்சில் 2006ஐ ஒட்டி இதற்கு நேர்மாறாக நடந்தது. தேசியச் சாலைகளில் பெரும்பகுதியை அரசு மாவட்டங்களிடம் ஒப்படைத்தது. அப்போது 'என் 20' சாலையின் ஒரு பகுதி 'டி 820' ஆனது. எழுத்துதான் மாறியது, லாரி போக்குவரத்து அப்படியே இருக்கிறது. ஆகவே 'டி'யை அடுத்து 600, 800, 900 அல்லது 1000ஐத் தாண்டிய எண் இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கவேண்டும். எல்லாமே மோசமில்லை, சில அருமையான சாலைகளுக்கும் அப்படி எண் உண்டு. எழுத்தை மட்டும் நம்பக்கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. அரசே பலகை வைத்துக் காட்டும் சைக்கிள் பாதையில் போவது, செயலியைத் தடம் போடச் சொல்வது, காகித வரைபடத்தைப் பார்த்து நாமே கையால் தடம் போடுவது.

பலகை வைத்த பாதைகளில் பெயர்பெற்றது லுவார் நதியோரம் போவது. 'லுவார் ஆ வெலோ' என்று அழைக்கிறார்கள். நெவேர் நகருக்குப் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் கரைவரை சுமார் 900 கிலோமீட்டர். அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல்வரை பல நாடுகளைக் கடக்கும் 'யூரோவெலோ 6' பாதையின் பகுதியும் அதுவே. ஒவ்வொரு திருப்பத்திலும் பலகை இருக்கும். பெரும்பாலும் சமதளம், நதியைவிட்டு அதிகம் விலகாது. பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் விடுதிகளில், சைக்கிளைப் பூட்டிவைக்க இடமும் பழுதுபார்க்கும் கருவியும் தருபவற்றுக்கு ஒரு பொதுச் சின்னம் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் அந்தச் சின்னம் இருந்தால் கேட்காமலே உள்ளே போகலாம். அம்மாவின் இரண்டு கேள்விக்கும் இந்தப் பாதையில் உடனடியாகப் பதில் உண்டு.

குழந்தையோடு போகிறவர்களும், வெளிநாட்டில் முதல்முறை சைக்கிள் எடுப்பவர்களும், வலப்பக்கம் ஓட்டுவதற்கே பயப்படுகிறவர்களும் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே ஒரு விஷயம்: காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். கடலோரத்தில் தொடங்கி நதிக்கு எதிர்த்திசையில் உள்நாட்டுக்குப் போனால் காற்று முதுகைத் தள்ளும். நதி ஓடும் திசையில் போவதுதான் சுலபம் என்று நினைத்து நெவேரில் தொடங்குகிறவர்கள் பலர். அந்தச் சமவெளியில் சரிவு தெரியவே தெரியாது, எதிர்க்காற்றுதான் தெரியும்.

நாங்கள் ஏன் அதை விட்டோம் என்றால், பலகை வைத்த பாதை எங்கே போகவேண்டும் என்பதை வேறு யாரோ முடிவுசெய்துவிட்டார்கள். கோட்டைகளுக்கும் அரண்மனைகளுக்கும் அழைத்துப்போகிறது. எனக்கு ஊர்களைப் பார்க்கவேண்டும். தயிர் வாங்குகிற கடை, பள்ளிக்கூட வாசல், மாட்டுத் தொழுவம், சந்தை, இவைதான் வேண்டும். மாரண்டஅள்ளிப் பக்கத்தில் சைக்கிளில் போனால் என்ன பார்ப்பேனோ அதையே இன்னொரு நாட்டில் பார்க்க ஆசை. இது என் விருப்பம். இன்னொருவருக்கு அரண்மனை பிடித்தால் அது தவறாகாது.

அடுத்தது செயலி. இதில்தான் எனக்கும் தம்பிக்கும் வாரக்கணக்கில் வாக்குவாதம். பிரான்சைக் கண்ணால் பார்க்காமல் அங்கே செயலி போடும் தடத்தை எப்படி எடைபோடுவது? எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஊரில் அதைத் தடம் போடச் சொல்லிப் பார்க்கலாம். எந்த இடத்தில் பிசகுகிறது, ஏன் பிசகுகிறது என்று தெரிந்துவிடும். வெளிநாடு போக நினைக்கும் யாரும் முதலில் செய்யவேண்டியது இதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

பாலக்கோட்டிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குச் சைக்கிள் தடம் கேட்டோம். நம் ஊர் ஆள் யாரைக் கேட்டாலும் மாரண்டஅள்ளி, இராயக்கோட்டை, கெலமங்கலம் என்று கைகாட்டுவார்கள். தம்பியின் செயலி பஞ்சப்பள்ளி அணைப்பக்கம் திருப்பி, காட்டுக்குள் ஒரு மெல்லிய கோட்டைக் காட்டியது. தூரம் குறைவு, வண்டி கிடையாது, அதன் கணக்குப்படி அருமையான தடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். தார் முடிந்தது, ஜல்லி வந்தது, பிறகு கல் புரண்ட வண்டிப்பாட்டை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோது எதிரே வந்த வனக்காவலர் எங்களைப் பார்த்துப் பதறிவிட்டார். "எம்மா, காலைலதான் இந்தப் பக்கம் யானை தாண்டிப் போச்சு. வந்த வழியே திரும்புங்க" என்றார். திரும்பினோம். அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கமெல்லாம் யானை நடமாடும் காடு என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அந்தக் கோட்டுக்கு எப்படித் தெரியும்?

தம்பி சொன்னது நியாயமான பதில். இந்தச் செயலிகளில் பல ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொதுத் தரவை வைத்து இயங்குகின்றன. உலகெங்கும் ஆட்கள் தாங்களே முன்வந்து வரைந்து நிரப்பும் வரைபடம் அது. நம் பக்கத்தில் ஒரு கோடு வரைந்தவர்கள் அது தாரா, மண்ணா, பூட்டிய கேட் உண்டா என்று பெரும்பாலும் குறிக்கவில்லை. பிரான்சில் அப்படியில்லை, சின்னச் சந்துக்குக்கூட மேற்பரப்பு என்ன என்று குறித்திருக்கிறார்கள். ஆகவே பஞ்சப்பள்ளியில் நடந்தது அங்கே நடக்காது என்றான்.

பிறகு அங்கேயும் போட்டுப் பார்த்தோம். காஓர் நகரிலிருந்து ஃபிஜாக் நகருக்கு. அவன் சொன்னது சரி, தார் இல்லாத இடங்களைச் செயலி தெளிவாகக் காட்டியது. ஆனால் வேறொன்று நடந்தது. செலே என்ற சின்ன நதியின் ஓரமாக, பாறைச்சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே, 'டி 41' என்ற சாலை ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போகிறது. செயலி அதை வழியில் விட்டுவிட்டு மேட்டு நிலத்தின்மேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அங்கே வண்டி இன்னும் குறைவு, தூரமும் கொஞ்சம் மிச்சம், அதனால் ஏறியது. நாங்கள் நதியோடு போக ஆசைப்படுகிறோம் என்பதை அதனிடம் யாரும் சொல்லவில்லையே. நம் ஊரில் அது தகவல் இல்லாமல் பிசகியது. அங்கே தகவல் நிறைய இருந்தும், எங்கள் மனம் தெரியாமல் பிசகியது. இரண்டும் வெவ்வேறு நோய், மருந்தும் வெவ்வேறு.

இன்னொன்றும் கவனித்தேன். பலர் ஓட்டிய தடங்களை வெளிச்சக் கோடுகளாகக் காட்டும் வசதி சில செயலிகளில் உண்டு. கோடு பிரகாசமாக இருந்தால் நல்ல சாலை என்று நினைக்கத் தோன்றும். அந்தக் கோட்டை வெளிச்சமாக்கியவர்களில் பெரும்பாலோர் பை இல்லாமல், லேசான சைக்கிளில், காலையில் இரண்டு மணி நேரம் பயிற்சிக்கு ஓட்டுகிறவர்கள். கிருஷ்ணகிரி அணைப்பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டுகிறவர்களின் தடத்தை வைத்து, சுமையோடு வருகிற வெளியூர்க்காரர் ஒருவருக்கு நாள் முழுவதுக்கும் வழி சொல்ல முடியுமா? யாரோ பதிவேற்றிய தடக்கோப்பை அப்படியே இறக்கிப் பின்தொடர்வதிலும் இதே குறைதான். அவர் எந்த மாதத்தில் போனார், எவ்வளவு சுமையோடு போனார் என்று தெரியாது.

ஏற்றக் கணக்கிலும் செயலிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒரே தடத்துக்கு ஒன்று 600 மீட்டர் என்றது, மற்றொன்று 800ஐத் தாண்டியது. பள்ளத்தாக்கின் ஓரமாகப் போகும் சாலையில், கோடு சற்று விலகினாலும் பக்கத்துப் பாறையின் உயரத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் எண்ணை அப்படியே நம்பாமல், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கிறேன். கிலோமீட்டருக்கு 10 மீட்டர் வரை என்றால் சுமையோடு நிம்மதியாகப் போவேன். 15 என்றால் அன்றைய தூரத்தைக் குறைப்பேன். 20 வந்தால் தம்பி ஓட்டட்டும், நான் வேறு சாலை பார்ப்பேன்.

இனி காகிதம். எனக்குப் பிடித்தது இதுதான், மறைக்கவில்லை. ஆனால் இதையும் ஊரில் வைத்துச் சோதித்தேன். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தை எடுத்துப் பாலக்கோட்டுச் சுற்றுவட்டாரத்தைப் பார்த்தேன். குன்றும் ஓடையும் ஏரியும் அத்தனை துல்லியம். சாலைகள்தான் பழையவை. அதில் ஒற்றையடிப் பாதையாக இருப்பது இன்று தார்ச்சாலை. பேருந்தே போகிறது. காகிதத்தின் குறை அதுதான், அச்சான நாளோடு நின்றுவிடும். மலை நகராது, சாலை மாறிவிடும்.

பிரான்சில் மிச்செலின் நிறுவனம் சாலை வரைபடங்களைத் திருத்தித் திருத்தி அச்சிடுகிறது, அதனால் இந்தக் குறை அங்கே குறைவு. நாங்கள் விரித்தது 1:1,50,000 அளவுள்ள மாவட்டத் தாள். அதில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஒரு சென்டிமீட்டர். சிவப்பு பெரிய சாலை, மஞ்சள் அடுத்தது, வெள்ளை அதற்கும் சின்னது. சைக்கிள்காரருக்கு வெள்ளைதான் வீடு, மஞ்சள் அவசரத்துக்கு. சாலை ஓரமாகப் பச்சைக்கோடு இழுத்திருந்தால் அழகான காட்சி உள்ள பகுதி. சாலைமேல் அம்புமுனை போட்டிருந்தால் செங்குத்து. ஒரு முனை 5 முதல் 9 விழுக்காடு, இரண்டு முனை 9 முதல் 13, மூன்று முனை அதற்கும் மேல். முனை ஏற்றத்தின் திசையைக் காட்டும். அதைப் பார்த்துத்தான் ஒரு சாலையை எந்தப் பக்கத்திலிருந்து ஓட்டுவது என்று முடிவெடுக்கிறேன். கூரான ஏற்றத்தை இறக்கமாக மாற்றிக்கொண்டு, நீண்ட மெல்லிய சரிவில் ஏறிப்போகலாம். ஒகேனக்கல்லில் தொடங்கி மேலே ஏறுவதா, மேலே தொடங்கி இறங்குவதா என்று நாம் யோசிப்பது போலத்தான்.

காகிதத்தில் செயலி காட்டாத ஒன்று தெரியும். நதிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது. இதைக் கற்றபிறகு எந்த நாட்டு வரைபடத்தையும் பார்க்கிற விதமே எனக்கு மாறிவிட்டது. நதிகள் ஒன்றுக்கொன்று இணையாக, சீப்பின் பற்கள் போல ஓடும் இடத்தில், அவற்றைக் குறுக்கே கடந்து போனால் நாள் முழுவதும் இறங்கி ஏறி இறங்கி ஏறிச் சாகவேண்டியதுதான். 40 கிலோமீட்டர் 80 போலத் தெரியும். அதே இடத்தில் நதியோடு போனால் காலுக்கு வேலையே தெரியாது. முதலில் நீலக்கோடுகளைப் பார், பிறகு சாலையைப் பார் என்று தம்பிக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

நீலக்கோடு இல்லாத இடமும் சேதி சொல்கிறது. லொத், செலே நதிகளுக்கு நடுவே இருக்கும் மேட்டு நிலங்களைக் 'கோஸ்' என்கிறார்கள். சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை பாறை இடுக்கில் இறங்கி அடியில் போய்விடும், மேலே ஓடையே கிடையாது. தாளில் அந்தப் பகுதி முழுக்க நீலமே இல்லாமல் வெளிறிக் கிடக்கிறது, ஊர்களும் தூரம் தூரமாக இருக்கின்றன. செயலி எங்களை ஏற்றிவிடப் பார்த்த மேடு இதுதான். அம்மாவின் முதல் கேள்விக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் பதில் கிடைத்தது: பள்ளத்தாக்கில் போனால் தண்ணீருக்குக் கவலையில்லை. மேட்டில் ஏறினால் இரண்டு பாட்டிலுக்கு மூன்றாக நிரப்பிக்கொண்டு ஏறவேண்டும்.

தண்ணீருக்கு இன்னொரு வழியைத் தம்பி முன்பே பழகியிருந்தான். பிரான்சில் ஊருக்கு ஊர் கல்லறைத் தோட்டம் உண்டு, செடிக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று பலகை இருந்தால் குடிக்கக்கூடாது. கல்லறைகள் எங்கே என்று செயலியில் பார்த்து, தண்ணீர்ப் புள்ளிகளைத் தாளில் வட்டமிட்டுவிடலாம்.

சாப்பாட்டுக்குத்தான் நாள்காட்டி வேண்டும். அங்கே கிராமத்துக் கடைகளை மதியம் 12.30 மணிவாக்கில் மூடினால் 2 மணிக்கோ அதற்கும் பிறகோதான் திறப்பார்கள். ஞாயிறு மதியத்துக்குமேல் எதுவும் கிடைப்பது கடினம். ரொட்டிக்கடைக்கு வாரம் ஒருநாள் விடுமுறை, பல ஊர்களில் அது திங்கட்கிழமை. மே மாதத்தில் விடுமுறைகள் வேறு குவிகின்றன. மே 1, மே 8, ஈஸ்டரையும் சேர்த்து எண்ணினால் 40ஆம் நாள் வரும் விண்ணேற்ற வியாழன், பெந்தெகொஸ்தே திங்கள். விண்ணேற்ற வியாழனை ஒட்டி வெள்ளியும் எடுத்துக்கொண்டு நான்கு நாள் வெளியூர் போகிறவர்கள் நிறைய, விடுதிகள் நிரம்பிவிடும். நாள்காட்டியை எடுத்து இந்த நாட்களைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அந்தந்த நாளுக்கு முதல்நாளே இரண்டு வேளை உணவைப் பையில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று எழுதினேன். வீட்டிலிருந்து சத்துமாவு எடுத்துப்போகிறோம். மாம்பழமும் எடுத்துப்போகத் தம்பிக்கு ஆசை, நம் ஊர்ப் பழத்தை அந்த ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று. பயிர்நலச் சான்று இல்லாமல் மாம்பழத்தை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக முடியாது. அவனுக்கு வருத்தம்தான்.

மூடும் நாளைக் கணக்கெடுத்ததில் திறக்கும் நாளின் அருமையும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி வழியாகப் போனால் சந்தைக்குள்தான் நுழையவேண்டும், வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிப் பக்கம் போனால் மாட்டுச் சந்தை. அங்கேயும் அப்படியே. காஓரில் புதனும் சனியும் காலைச் சந்தை, ஃபிஜாக்கில் சனிக்கிழமை. ஆகவே புதன் காலை காஓரில் சந்தை பார்த்துப் புறப்பட்டு, செலே நதியோரமாக மெல்லப் போய், சனிக்கிழமைக்கு ஃபிஜாக்கில் இருக்கவேண்டும் என்று முடிவுசெய்தோம். ஒரே நாளில் ஓட்டிவிடக்கூடிய தூரம்தான். இரண்டு இரவு நடுவே தங்கினால் குகை ஓவியம் இருக்கும் ஊரையும் பார்க்கலாம், மேட்டு நிலத்தில் பை இல்லாமல் ஒருமுறை ஏறிப் பார்க்கவும் நேரம் உண்டு. ஃபிஜாக், எகிப்தின் சித்திர எழுத்தை 1822இல் படித்துச் சொன்ன ஷாம்பொல்லியோன் பிறந்த ஊர். பள்ளியில் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், அதனால் எனக்கு அங்கே ஒரு முழு நாள் வேண்டும்.

இந்த இடத்தில் விசா வந்து குறுக்கே நின்றது. காலையில் எழுந்து செயலியைப் பார்த்து அன்றைக்கு எங்கே போகலாம் என்று முடிவெடுப்பதுதான் தம்பியின் கனவு. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே தங்குமிடத்துக்கான சான்று கேட்கிறார்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம். அரசு ஊழியர் என்பதால் எனக்குத் துறையின் அனுமதி தனியாக வேண்டும். ஆக, இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இரவுகள் முன்பே முடிவாகிவிடுகின்றன. பகலில்தான் சுதந்திரம். தடம் போடும் முறையை ஒப்பிடும்போது இதை மறந்தால் மற்ற கணக்கெல்லாம் வீண்.

அதனால் எங்கள் ஏற்பாடு இப்படி அமைந்தது. இரவு தங்கும் ஊர்களைக் காகிதத்திலிருந்து எடுத்தோம். நதி, சந்தை நாள், கடை, இவற்றை வைத்து எடுத்தோம். இரண்டு ஊருக்கு நடுவே வெள்ளைச் சாலைகளைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு ஒரு கோடு, அது முடியாவிட்டால் திரும்ப இன்னொரு சுலபமான கோடு. பிறகு தம்பி அந்தக் கோட்டைச் செயலியில் ஏற்றினான். 10 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து அதைக் கட்டிப்போட்டால்தான் நாம் சொன்ன வழியில் போகிறது, இல்லையென்றால் தன் இஷ்டத்துக்கு மேட்டில் ஏறிவிடுகிறது. தார் எங்கே முடிகிறது, ஏற்றம் எவ்வளவு என்பதற்கு அதன் சொல்லைக் கேட்கிறோம். பெரிய சாலையைக் கடக்கும் இடங்களையும் பாலங்களையும் கூகுளின் தெருக்காட்சியில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சின்னச் சாலைகளுக்குக்கூட அங்கே படம் இருக்கிறது. ஒரு பாலத்தில் ஓரமே இல்லாமல் லாரிகள் போவதைப் பார்த்து அந்த நாளின் தடத்தையே மாற்றினோம். நகருக்குள் நுழையும் கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு மட்டும் பலகை வைத்த சைக்கிள் பாதை இருந்தால் வாதமில்லாமல் அதையே எடுத்தோம். அந்த இடத்தில் பலகையைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை.

ஓட்டும்போதுள்ள இரண்டு விஷயங்களையும் தடம் போடும்போதே கணக்கில் வைக்கவேண்டியிருந்தது. பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு முதல் உரிமை, அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும். ஊருக்குள் வெள்ளைச் சாலையில் இறக்கத்தில் வேகமாக இறங்கினால் இது ஆபத்து. 'ரூத் பாரே' என்று பலகை வைத்திருந்தால் சாலை மூடியிருக்கிறது, மாற்றுவழி கார்களுக்காகப் போட்டது என்பதால் பத்து கிலோமீட்டர்கூடச் சுற்றும். இரண்டாவது பென்சில் கோடு அதற்காகத்தான்.

ஃபிஜாக்குக்குப் பிறகு எங்கே என்பதில்தான் கடைசிச் சண்டை. தெற்கே இறங்கிச் சமவெளிக்குப் போகலாம் என்றேன். தம்பி ஓப்ராக் என்ற மேட்டைக் காட்டினான். 1,000 மீட்டருக்குமேல், மரம் குறைந்த புல்வெளி, கருங்கல் வீடுகள். மே மாதத் தொடக்கத்தில் அங்கே பனிகூட விழலாம், எனக்கு ஒப்பவில்லை. அப்புறம் அவன் ஒன்று சொன்னான். மே 25ஐ ஒட்டிய வார இறுதியில், குளிர்காலம் முழுக்கப் பள்ளத்தாக்கில் இருந்த மாடுகளைக் கோடை மேய்ச்சலுக்கு மேட்டில் ஏற்றுகிறார்கள். மாட்டின் தலையில் பூவும் கொடியும் கட்டி, கழுத்தில் பெரிய மணி தொங்கவிட்டு, ஊரே கூட நடந்து போகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவுக்கு மாடு அலங்கரிப்பதைப் பார்த்து வளர்ந்தவளிடம் இதைச் சொன்னால் நான் என்ன செய்வேன்? அம்மா சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, "கொம்புக்கு வர்ணம் அடிப்பாங்களா?" என்று கேட்டார்.

அந்த ஒரு நாளைக் கடைசியில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எல்லா நாளையும் எண்ணினோம். ஃபிஜாக்கிலிருந்து கொங்க் என்ற பழைய மடாலய ஊர், பிறகு லொத் நதியோடு மேல்நோக்கி எஸ்பாலியோன், அங்கிருந்து ஓப்ராக் ஏற்றம். ஏறக்குறைய 950 மீட்டர். வத்தல்மலையில் பையோடு ஏறிப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஸ்பெயினில் இருக்கும் சாந்தியாகோவுக்கு நடந்துபோகும் யாத்திரிகர்களின் பழைய வழியும் இதே ஊர்களைத் தொடுகிறது. அதனால் 20, 25 கிலோமீட்டருக்கு ஒரு யாத்திரிகர் விடுதி இருக்கிறது. அதனாலேயே மே மாதத்தில் அவை நிரம்பியும் விடுகின்றன. அம்மாவின் இரண்டாவது கேள்வி இங்கேதான் கடினமானது.

மற்ற இரவுகளுக்கெல்லாம் இடம் பிடித்துவிட்டோம். விழா நாளை ஒட்டிய இரண்டு இரவுக்கு மட்டும் மேலே எங்கும் கிடைக்கவில்லை. எஸ்பாலியோனில் அறை இருக்கிறது. பைகளை அங்கேயே விட்டுவிட்டு, விடிவதற்கு முன் வெறும் சைக்கிளோடு ஏறிவிடலாம் என்கிறான் தம்பி. மே கடைசியில் அங்கே இரவு 9 மணிக்குமேலும் வெளிச்சம் இருக்கும், இறங்குவதற்கு அவசரமில்லை. ஆனால் அன்றைக்கு அந்த மலைச்சாலையில் நூற்றுக்கணக்கான கார்கள் ஏறும், மாடுகளும் அதே சாலையில்தான். அதனால் மஞ்சள் சாலையை விட்டுவிட்டு, தாளில் அதற்குக் கிழக்கே இரண்டு அம்புமுனைகளோடு ஏறும் ஒரு வெள்ளைச் சாலையைப் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன். கிலோமீட்டருக்கு 20 மீட்டரைத் தாண்டுகிறது.